சம்பளச் சீட்டு

கல்லில் நார் உரிப்பது என்றால்
நம் பேச்சில் அது ஆகாத காரியம்.
கஞ்சனிடம் கடன் கேட்டுப் போனவன்
வெறுங்கையோடு திரும்பிச் சொல்வது.

பிரீஸ்காவைச் சுற்றி
ஆரஞ்சு ஆறு வளைந்து போகும் குன்றுகளில்
பெண்கள் தினமும் அதைச் செய்தார்கள்,
வெயில் ஏறும் முன்பே, கைச்சுத்தியலோடு.

கல் நீலம். தட்டினால் பிளக்கும்.
பிளந்த இடத்தில் நார், பூனை மயிர்போல் மெதுவாய்.
உரித்ததைச் சாக்கில் திணித்தால்
சாக்கு உப்புமே தவிர கனக்காது.
ஆகவே பிள்ளைகளை உள்ளே இறக்கினார்கள்.
பிள்ளைகள் குதித்தார்கள், மிதித்தார்கள்,
கழுத்துவரை நீலமாகிச் சிரித்தார்கள்.
கங்காணி எடை பார்த்தான்.

இதையெல்லாம் டிரீகா பூய்சன்
கிம்பர்லியில், இழப்பீட்டு அலுவலகத்தில்,
மூன்றாம் எண் ஜன்னலில் சொல்கிறாள்.
ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மூச்சு.
சில வாக்கியங்களுக்கு மூன்று.

எழுத்தர் ஒபாகெங் நல்ல பையன்.
அவன் கேட்கவில்லை, படிவம் கேட்கிறது:
பணியாளர் எண்?
வேலையில் சேர்ந்த தேதி?
சம்பளச் சீட்டு?

"கூலியை அப்பா பேர்ல எழுதினாங்க.
அம்மா பேரே கிடையாது.
எனக்கு அப்போ ஏழு வயசு.
ஏழு வயசுக்கு யாரு சீட்டு குடுப்பா?"

பையிலிருந்து எக்ஸ்ரே படத்தை எடுத்து
கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடிக்கிறாள்.
பின்னால் இருந்து தெரு வெளிச்சம்.
விலா எலும்புகளுக்கு நடுவே
வலப்பக்கம் முழுக்க வெள்ளை.
ஐம்பத்து நான்கு வருஷம்
ஒரு நாள் விடாமல் எழுதிய கணக்கு.
முதலாளி கிழித்துப்போட்ட பேரேட்டின்
ஒரே படி.

ஒபாகெங் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்.
இதை எழுதக் கட்டம் இல்லை.

அந்தக் குன்றுகளை மூடிவிட்டார்கள்.
வேறு குன்றுகள் திறந்திருக்கின்றன.
நீலம்தான் கெட்டது, வெள்ளை ரகம் சாது என்கிறார்கள்,
புலிக்கு விபூதி பூசிக்
கயிற்றை அவிழ்த்து விடுகிறவர்கள்.
முறையாகக் கையாண்டால் ஆபத்தில்லையாம்.
முறை என்பது எந்த ஊரில் இருக்கிறது?
சாக்கு கிழியாத துறைமுகம்,
ஆணி இறங்காத கூரை,
ஆலங்கட்டி விழாத வானம்,
வேலை முடிந்து வந்தவனின் சட்டையை
உதறாமல் துவைக்கும் மனைவி,
அப்பா என்று ஓடிப்போய்
அந்தச் சட்டையில் முகம் புதைக்காத குழந்தை.
அப்படி ஓர் ஊர் இருந்தால்
அங்கே விற்கட்டும்.
இல்லையென்றால் நிறுத்துங்கள்,
தோண்டுவதை, ஏற்றுவதை, அறுப்பதை, எல்லாவற்றையும்.
கொஞ்சமாக என்று ஒன்று இதில் கிடையாது.
மற்ற கடன்காரன் மாதாமாதம் வந்து கத்துவான்,
இவன் நாற்பது வருஷம் வாசலில் பேசாமல் நிற்பான்.
பிறகு ஒரே நாளில் வீட்டையே கேட்பான்.

டிரீகா படத்தைச் சுருட்டுகிறாள்.
பக்கத்து நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை.
அண்ணாந்து பார்க்கிறாள்.

அலைஅலையான சாம்பல் ஓடு.
மின்விசிறிக்காக யாரோ துளை போட்டிருக்கிறார்கள்.
துளையைச் சுற்றி ஓடு பொரிந்து
விளிம்பில் மயிர் மயிராய் ஏதோ.
விசிறி சுற்றுகிறது.
கோப்புகளின்மேல் மெல்லிய மாவு.

"இது எப்போ போட்ட கூரை, தம்பி?"

அவனுக்குத் தெரியாது.
சேர்ந்து ஆறு வருஷம்தான் ஆகிறது.

அவள் போன பிறகு
அவன் விசிறியை நிறுத்தினான்.
வெக்கை. வரிசையில் இன்னும் பதினோரு பேர்.
அடுத்த எண்ணைக் கூப்பிட வேண்டும்.
வாயைத் திறக்காமல்
மூச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்,
ஒரு மனிதனால் எவ்வளவு நேரம் முடியுமோ
அவ்வளவு நேரம்.